ஹார்வர்டுக்கு வடமதுரையிலிருந்து பஸ் உண்டா?

‘எம்.ஐ.டி.’னு சொன்னா உங்களுக்கு எது ஞாபகத்துக்கு வரும்? ‘குரோம்பேட்டை’ன்னு சொன்னீங்கன்னா கையைக் கொடுங்க பாஸ், நீங்க நம்ம ஆளு! 1949-ல் ஆரம்பிச்ச காலேஜ். அப்துல் கலாம் படிச்ச காலேஜ். எழுத்தாளர் சுஜாதா படிச்ச காலேஜ். வேற எம்.ஐ.டி. எதுக்கு நமக்கு?

போன டிசம்பர் வரைக்கும் நானும் இப்படித்தான் இருந்தேன். அப்போதான் கனடாவிலிருந்து லீவுக்கு வந்து இறங்கினாள் என் சித்தப்பா மகள். 17 வயசு, மிசிசாகாவில் பன்னிரண்டாம் வகுப்பு. வடமதுரையில் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் செல்போன் ஹாட்ஸ்பாட்டை உறிஞ்சிக்கிட்டு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் லேப்டாப்பில் தட்டிக்கிட்டே இருந்தாள். ‘யார்கூட சாட்டிங்?’னு எட்டிப் பார்த்தா, ‘எம்.ஐ.டி. அப்ளிகேஷன்ணே’ங்கிறாள். ‘அடிப்பாவி, கனடாவை விட்டுட்டு குரோம்பேட்டைக்கா வரப்போறே?’ன்னு கேட்டேன். அவள் சிரிச்ச சிரிப்பில் தூங்கிட்டிருந்த அப்பத்தாவே எழுந்து உட்கார்ந்துட்டாங்க.

அவள் சொன்னது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற எம்.ஐ.டி. அதே ஊரில்தான் ஹார்வர்டும் இருக்கு. ரெண்டுக்கும் அப்ளிகேஷன் போட்டுக்கிட்டிருந்தாள். போதாததுக்கு இன்னும் நாலு இடம்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த என் தங்கச்சி, இங்கே அரசுப் பள்ளியில் ப்ளஸ் ஒன் படிக்கிறவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ‘அக்கா, இதை நான் போடலாமா?’

அவள் வாயைத் திறக்கிறதுக்குள்ளே நான் முந்திக்கிட்டேன். ‘நமக்கெல்லாம் எதுக்குடி அது? ஒழுங்கா கட்-ஆஃப் எடுக்கிற வழியைப் பாரு!’

தெரியாத விஷயத்துக்கு எவ்வளவு வேகமா பதில் சொல்லியிருக்கேன் பாருங்க. அந்தப் பதில் தப்புன்னு புரிய எனக்கு மூணு மாசம் ஆச்சு. உங்க வீட்டிலேயும் ஒரு தம்பியோ தங்கச்சியோ இருப்பாங்க இல்லையா... அதனாலதான் இந்தக் கட்டுரை.

கனடாவும் வெளியூர்தான்!

முதல்ல ஒரு சந்தேகம். கனடாவிலேயே நல்ல யுனிவர்சிட்டி இருக்கே, அங்கே இருக்கிறவங்க ஏன் அமெரிக்காவுக்கு அலையணும்?

நியாயமான கேள்வி. அங்கே ஒன்டாரியோ மாநிலத்தில் காலேஜ் அட்மிஷன் கிட்டத்தட்ட நம்ம ஊர் மாதிரிதான். நமக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். அவங்களுக்கும் மாநிலத்துக்கே பொதுவா ஒரு விண்ணப்ப மையம், பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடத்தோட சராசரி மார்க். வாட்டர்லூ மாதிரி சில இடங்களில் கூடுதலா ஒரு படிவம், கணக்குப் போட்டித் தேர்வு. ஒன்டாரியோ பிள்ளைகளுக்கு டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் பாடம் படிக்க ஆண்டுக் கட்டணம் சுமார் 6,100 கனடா டாலர். அங்கே சம்பாதிக்கிறவங்களுக்கு அது பெரிய பாரம் கிடையாது.

அப்புறம் ஏன்? என் சித்தப்பா மகள் சொன்ன காரணம் ரொம்ப சிம்பிள். ‘இங்கே என் மார்க்கைப் பார்ப்பாங்கண்ணே. அங்கே என்னைப் பார்ப்பாங்க.’

ஆனா, எல்லையைத் தாண்டினா அவளும் ‘வெளிநாட்டு மாணவி’தான். வடமதுரை அப்ளிகேஷனும் மிசிசாகா அப்ளிகேஷனும் போய் விழுறது ஒரே கட்டில்! சில சலுகை மட்டும் அவங்களுக்கு உண்டு. கனடா பாஸ்போர்ட் இருந்தா தூதரகத்தில் வரிசையில் நின்று விசா முத்திரை வாங்க வேண்டாம். பல்கலைக்கழகம் தர்ற ஐ-20 படிவமும் சேவிஸ் கட்டண ரசீதும் எல்லையில் காட்டினா போதும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம், கனடா, மெக்சிகோ மாணவர்களை மட்டும் தன் நாட்டுப் பிள்ளைகள் மாதிரியே குடும்ப வருமானத்தைப் பார்க்காம சேர்த்துக்குது. நமக்கு அங்கே அந்த வசதி இல்லை.

கட்-ஆஃப் இல்லாத பரீட்சை

கொஞ்சம் நம்பர் பேசுவோம். 2024-ல் ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பிச்சாங்க. இடம் கிடைச்சது 1,937 பேருக்கு. நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. எம்.ஐ.டி.க்கு சுமார் 28 ஆயிரம் பேர். கிடைச்சது ஏறக்குறைய 1,280 பேருக்கு. அதிலேயும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான். அதே வருஷம் ஜே.இ.இ. மெயினில் வடிகட்டி மிஞ்சினவங்களில் 1.8 லட்சம் பேர் அட்வான்ஸ்டு எழுதினாங்க, 23 ஐ.ஐ.டி.களில் 17,740 சீட். ஐ.ஐ.டி.யே கஷ்டம்னு நாம மலைச்சு நிற்கிறோம், இது அதுக்கும் மேலே.

ஆனா இங்கே ஒரு வித்தியாசம். ஐ.ஐ.டி.யில் ஒரே பரீட்சை, ஒரே ரேங்க். ஒரு மார்க் குறைஞ்சா ஏன் குறைஞ்சதுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. அங்கே கேட்கிறது இதெல்லாம்:

* ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நாலு வருஷ மார்க். ப்ளஸ் டூ மட்டும் இல்லை, நாலு வருஷமும்!

* எஸ்.ஏ.டி. தேர்வு. மொத்தம் 1,600. வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலிருந்து கம்ப்யூட்டரில்தான் எழுதணும். கொரோனா சமயத்தில் வேண்டாம்னு விட்ட எம்.ஐ.டி. 2022-ல் மறுபடி கட்டாயம் ஆக்கிடுச்சு. ஹார்வர்டு, டார்ட்மத், பிரவுன் எல்லாம் 2024-ல் அதே வழிக்கு வந்தாச்சு. பயிற்சிக்கு கான் அகாடமியில் இலவசமாவே பாடம் இருக்கு.

* ரெண்டு ஆசிரியர்கள் எழுதற பரிந்துரைக் கடிதம், பள்ளி சார்பில் ஒரு கடிதம். ‘கவுன்சலர்’னு படிவத்தில் போட்டிருக்கும். நம்ம பள்ளிகளில் அப்படி ஒருத்தர் ஏது? தலைமை ஆசிரியரே எழுதலாம்.

* பத்துச் செயல்பாடுகள். ஒவ்வொண்ணையும் 150 எழுத்துக்குள்ளே சொல்லணும்.

* கடைசியா, ‘நீ யாரு?’ன்னு சொல்ற ஒரு கட்டுரை. அதிகபட்சம் 650 வார்த்தை.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன்னு பெரும்பாலான இடங்களுக்கு ‘காமன் ஆப்’ங்கிற ஒரே பொது விண்ணப்பம். எம்.ஐ.டி.க்கு மட்டும் தனிப் படிவம். சீக்கிரம் போடறவங்களுக்கு நவம்பர் 1 வாக்கில் கடைசித் தேதி, மத்தவங்களுக்கு ஜனவரி முதல் வாரம்.

ஆட்டுச் சந்தையும் ஆக்டிவிட்டிதான்

‘பத்துச் செயல்பாடு’ன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் சித்தப்பா மகள் லிஸ்ட்டில் ரோபாட்டிக்ஸ் கிளப், விவாத மேடை, நூலகத்தில் தன்னார்வலர், நீச்சல்னு வரிசையா இருந்தது. நம்ம பள்ளியில் பி.டி. பீரியடையே கணக்கு வாத்தியார் கடன் வாங்கிட்டுப் போயிடுவார். நாம என்னத்தை எழுதறது?

அவள்தான் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். செயல்பாடுகளின் வகைப் பட்டியலில் ‘சம்பளத்துக்கு வேலை’ன்னு ஒண்ணு. ‘குடும்பப் பொறுப்புகள்’னு இன்னொண்ணு. அதாவது, லீவு நாளில் நிலக்கடலை பறிக்கப் போனது கணக்கில் வரும். அம்மா ஷிஃப்ட்டுக்குப் போனதும் சமைச்சு, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினது கணக்கில் வரும். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு மாமாகூடப் போய் வரவு செலவு எழுதினதும் கணக்கில் வரும்! வேலை பார்த்துக்கிட்டே படிச்சதை மறைக்கத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அங்கே அதை முதல் வரியில் எழுதலாம்.

எழுத விஷயம் இல்லைங்கிறதும் பொய். 2022 அக்டோபரில், கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமா அறிவிச்சாங்க. தேவாங்குக்குன்னே இந்தியாவில் அறிவிச்ச முதல் சரணாலயம் அது. நமக்கு அரை மணி நேர தூரம். நம்மில் எத்தனை பேர் ஒரு தேவாங்கையாவது பார்த்திருப்போம்? ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு பெரியவங்ககூடப் போய், எத்தனை பார்த்தோம்னு ஒரு வருஷம் நோட்டில் எழுதி வெச்ச ஒரு பையன், எந்த ஊர் ரோபாட்டிக்ஸ் கிளப்புக்கும் சளைச்சவன் கிடையாது. திருச்சி ரோட்டில் வரிசையா நிற்கிற நூல் மில்களை தினமும் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறோம். அங்கே வெளியேறுற தண்ணி, பறக்கிற பஞ்சு, ஷிஃப்ட் மாறும்போது இறங்குற கூட்டம்... ஒவ்வொண்ணும் ஒரு கேள்விதான். கேட்கத்தான் ஆள் இல்லை.

காசு... காசு... காசு!

சரி, கிடைச்சாலும் காசுக்கு எங்கே போறது? வருஷத்துக்கு 85,000 டாலருக்கு மேலே ஆகும். நம்ம கணக்கில் 70 லட்சத்துக்கும் அதிகம். அப்பா நிலத்தை வித்தாலும், பக்கத்து நிலத்தையும் சேர்த்து வித்தாலும் பத்தாது. ‘நமக்கெல்லாம் எதுக்குடி’ன்னு நான் சொன்னதுக்குக் காரணமே இந்த நம்பர்தான்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். அது விலைப்பட்டியல். எல்லாரும் கட்டுற விலை அது இல்லை.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட்: இந்த அஞ்சு இடத்திலேயும் வெளிநாட்டு மாணவரா இருந்தாலும், தேர்வு செய்யும்போது குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுக்கிறதில்லை. தேர்வான பிறகு, குடும்பத்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மீதியை அவங்களே தருவாங்க. டார்ட்மத், போடின் ரெண்டும் 2022-ல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் சேர்ந்தவங்களிலிருந்து பிரவுன் பல்கலைக்கழகமும். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே, வழக்கமான சொத்துதான் இருக்குன்னா, பெற்றோர் ஒரு பைசா தர வேண்டாம்னு 2025-ல் சேர்ந்தவங்களிலிருந்து எம்.ஐ.டி. நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கு. ஒரு லட்சம் டாலர்னா 80 லட்சம் ரூபாய்க்கு மேலே. வடமதுரையில் அவ்வளவு வருமானம் உள்ளவங்க யாருன்னு விரல் விட்டு எண்ணிக்கோங்க!

மத்த இடங்களில் கொஞ்சம் உஷாரா இருக்கணும். ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ மாதிரி இடங்களில் உதவித்தொகை கேட்டா, வெளிநாட்டு மாணவர்களுக்கு அது தேர்வையே பாதிக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பத்தில் கேட்காம விட்டா, அப்புறம் நாலு வருஷமும் கேட்க முடியாது. அதுக்காக அந்தக் கதவு மூடியிருக்குன்னு நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சுமார் 3 கோடி ரூபாய் உதவித்தொகையோடு இடம் வாங்கினது யார் தெரியுமா? ஈரோடு மாவட்டம் காசிபாளையத்து விவசாயக் குடும்பத்துப் பொண்ணு. எல்லாப் பத்திரிகையிலேயும் வந்தது. நான் அன்னிக்கு கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துட்டுத் தாளை மடிச்சு வெச்சிருப்பேன்.

உதவித்தொகை கேட்க ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’னு ஒரு படிவம். வருமான விவரம் எல்லாம் கேட்பாங்க. வருமான வரி கட்டாத குடும்பம்னா, வேலை கொடுக்கிறவங்க தர்ற சம்பளக் கடிதத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஏத்துக்குது. விண்ணப்பக் கட்டணம் 75-லிருந்து 90 டாலர் வரை. முடியாதவங்க விலக்கு கேட்கலாம். எஸ்.ஏ.டி.க்கு மட்டும் அந்த விலக்கு நம்ம ஊரில் கிடையாது. நூறு டாலருக்கு மேலே கைக்காசு போடணும். ‘ஹார்வர்டு சீட் வாங்கித் தர்றோம்’னு எவராவது போர்டு மாட்டியிருந்தா, அந்தத் தெருவையே மாத்திப் போங்க. சென்னையில் ‘எஜுகேஷன் யு.எஸ்.ஏ.’ ஆலோசனை மையம் இருக்கு. அங்கே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

புது வழி இல்லை மக்களே

உதவித்தொகையில் அமெரிக்கா போறது ஒண்ணும் இன்னிக்கு வந்த ஃபேஷன் கிடையாது. 1913-ல் பரோடா சமஸ்தானம் தந்த உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் அம்பேத்கர். நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி.குமரப்பா 1920-களின் கடைசியில் சிராக்யூஸிலும் அதே கொலம்பியாவிலும் படிச்சார். திரும்பி வந்து காந்தியோட சேர்ந்து கிராமப் பொருளாதாரத்தைப் பத்தி எழுதினார். கடைசிக் காலத்தில் இருந்தது மதுரை பக்கத்து தே.கல்லுப்பட்டியில்! கொலம்பியாவுக்கும் கல்லுப்பட்டிக்கும் நடுவில் ஒரு மனுஷன் பாதை போட்டு வெச்சிருக்கார்.

இன்னொண்ணு. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. உலகம் முழுக்கத் தமிழர்கள் கொடுத்தாங்க, 2017-ல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அறிவிச்சது, 2018-ல் இலக்கு எட்டியாச்சு. நல்ல விஷயம். தமிழுக்கு அங்கே இருக்கை இருக்கு. தமிழ் மீடியத்தில் படிச்ச பிள்ளைக்கு அங்கே ஒரு பெஞ்ச் கிடைக்கும்னு அந்தப் பிள்ளையிடம் யார் சொல்றது?

மார்ச் 15, அதிகாலை 3.58

இனி கசப்பு மருந்து. எம்.ஐ.டி. ரிசல்ட் வர்றது மார்ச் 14-ல். அமெரிக்க முறைப்படி எழுதினா 3.14... பை! நேரம் சாயங்காலம் 6.28, அதாவது ரெண்டு பை. குசும்பு பிடிச்சவங்க. நம்ம ஊரில் அது மறுநாள் அதிகாலை 3.58. அலாரம் வெச்சு நானும் தங்கச்சியும் எழுந்து வீடியோ காலில் உட்கார்ந்தோம். அங்கே சித்தப்பா டிரக் ஓட்டிட்டு வந்த சட்டையோடவே நிற்கிறார், சித்தி முதியோர் இல்ல வேலையிலிருந்து ஓடி வந்திருக்காங்க.

ஸ்கிரீனைப் பார்த்தாள். ‘இல்லைண்ணே’ன்னாள். அவ்வளவுதான். கேமராவை அணைச்சுட்டாள்.

மார்ச் கடைசியில் இன்னும் நாலு ‘இல்லை’. ஹார்வர்டும் அதில் உண்டு. மீதி ஒரு இடத்தில் காத்திருப்போர் பட்டியல். 96 சதவீத சராசரி வெச்சிருந்த பொண்ணு! ஏன் இல்லைன்னு யாரும் சொல்லலை. சொல்லவும் மாட்டாங்க. ரேங்க் பட்டியல் இருந்தா ‘இத்தனை மார்க்கில் போச்சு’ன்னு மனசைத் தேத்திக்கலாம். ‘என்னைப் பார்ப்பாங்க’ன்னு நம்பிப் போன இடத்தில் ‘வேண்டாம்’னா அது வேற மாதிரி வலிக்கும். இந்த முறையில் இருக்கிற பெரிய அநியாயமே இதுதான்னு எனக்குத் தோணுது. ரெண்டு நாள் அழுதாள். மூணாவது நாள் வாட்டர்லூவில் கிடைச்ச சீட்டை உறுதி பண்ணினாள்.

அவளுக்கு நான் சொன்ன ஒரே ஆறுதல், நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பரோடாவில் பி.எஸ்சி., 1976-ல் பிஎச்.டி. வாங்கினது ஒஹையோ பல்கலைக்கழகத்தில். இந்தப் பட்டியல் எதிலேயும் இல்லாத இடம். 2009-ல் நோபல் பரிசு அவர் வீட்டுக் கதவைத் தட்டத்தான் செஞ்சது.

சீட் கிடைச்சாலும் இன்னொரு வாசல் இருக்கு. 2025 மே மாதம், ஹார்வர்டில் வெளிநாட்டு மாணவர்களே சேரக் கூடாதுன்னு அமெரிக்க அரசு உத்தரவு போட, கோர்ட் தடுத்து நிறுத்தினது. அதே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புது நேரம் தர்றதைச் சில வாரம் நிறுத்தி வெச்சு, ஜூனில்தான் மறுபடி ஆரம்பிச்சாங்க. அதனால ஒரே கூடையில் எல்லா முட்டையும் வேண்டாம். டி.என்.இ.ஏ. படிவமும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நமக்கு ரயில் போயிடுச்சா?

இதைப் படிக்கிற நீங்க ஏற்கெனவே காலேஜில் இருக்கீங்க. நானும்தான், மூணாவது வருஷம் இன்ஜினீயரிங். இளநிலைக்கான ரயில் நமக்குப் போயிடுச்சு. பாதியில் ஏறுற டிரான்ஸ்ஃபர் வழி இன்னும் குறுகல். ஆனா அடுத்த ரயில் இருக்கு. அமெரிக்காவில் எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் நாமதான் கடன் வாங்கணும். அறிவியல், பொறியியல் பிஎச்.டி.க்கு அப்படி இல்லை. பொதுவா கல்விக் கட்டணத்தை அவங்களே பார்த்துக்கிட்டு, பாடம் நடத்தவோ ஆராய்ச்சியில் உதவவோ மாதா மாதம் பணமும் தர்றாங்க. பி.இ. முடிச்சதுமே நேரடியா விண்ணப்பிக்கலாம். ஃபைனல் இயர் புராஜெக்டைக் கடையில் வாங்காம சொந்தமா செய்யறதுக்கு இதைவிட நல்ல காரணம் வேணுமா?

அதைவிட முக்கியமா ஒண்ணு நம்மால முடியும். இந்த விஷயம் பெரிய ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரியுது. நம்ம ஊரில் காலேஜ் சேர்ந்த பிறகு தெரியுது. நடுவில் போற அந்த நாலு வருஷத்தை நாமதான் மிச்சப்படுத்திக் கொடுக்கணும். இந்த வாரம் ஊருக்குப் போனா, ஒன்பதோ பத்தோ படிக்கிற ஒருத்தரை உட்கார வெச்சு இதைச் சொல்லுங்க. கிடைக்கும்னு சொல்லாதீங்க. நூற்றுக்கு நாலு பேருக்குக்கூடக் கிடைக்காதுங்கிறதையும் சேர்த்தே சொல்லுங்க. முடிவை அவங்க எடுக்கட்டும். என்னை மாதிரி முந்திக்கிட்டு பதில் சொல்லிடாதீங்க.

ரிசல்ட் எல்லாம் வந்து முடிஞ்ச பிறகு கனடாவிலிருந்து போன். ‘தங்கச்சி ஆரம்பிச்சாளாண்ணே?’ன்னு கேட்டாள். எனக்குப் பதில் தெரியலை. போய்ப் பார்த்தா, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தங்கச்சி எழுதிக்கிட்டிருந்தாள். தமிழில்தான். இங்கிலீஷை அப்புறம் பார்த்துக்கலாமாம். முதல் வரி இப்படி: ‘எங்கம்மா மில்லில் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில் வந்ததும், தலையில் ஒட்டியிருக்கிற பஞ்சை எடுத்துவிடறது என் வேலை.’

அதே வீட்டில்தான் நானும் 20 வருஷமா இருக்கேன். அந்தப் பஞ்சை இதுவரைக்கும் நான் கவனிச்சதில்லை.

எண்ணிப் பார்த்தேன். 212 வார்த்தை ஆகியிருக்கு. இன்னும் 438 பாக்கி.